மஞ்சள் ஏறாத கண்கள்

என் மாமனார் குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செத்தவர். அதனால் நான் கல்யாணமாகி வந்த புதிதிலேயே என் மாமியார் சொல்லிவிட்டார்: "இவனும் அப்பன் வழிதான் போறான். நீ அவன் கண்ணப் பாத்துக்கிட்டே இருத்தா."

பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் மீமிசலில் ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் போட்டு அறந்தாங்கிப் பக்கம் கொண்டுபோய் விற்பவர். கிளம்பும் முன் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பேன். திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் வெயிலிலேயே நிற்கவைத்து, கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். கண் வெள்ளையாக இருக்கும். சாயங்காலம் குவார்ட்டரும் பீடிக்கட்டுமாக உட்கார்ந்துவிடுவார். நான் கத்துவதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

"ஈரலுக்குத்தான் நீ காவல் இருக்கியே புள்ள, அப்பறம் எனக்கென்ன பயம்?" என்று சிரிப்பார். ஒருமுறை ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் ஒன்றுமில்லை என்றார்கள். மனுஷன் அன்றைக்குக் கூடுதலாக ஒரு பாட்டில் வாங்கிக் கொண்டாடினார். எரிச்சலாக இருந்தாலும் எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

போன மாசியில், சோறு நெஞ்சில் நிற்கிறது என்றார். வாயு என்று சோடா குடித்தார். பிறகு ரசம் ஊற்றிப் பிசைந்தால்தான் இறங்கியது. வீட்டில் வஞ்சிரக் குழம்பு கொதிக்கும்போது அவர் மட்டும் கஞ்சியோடு உட்கார்ந்திருந்த அன்று எனக்குப் பயம் வந்துவிட்டது. தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். உணவுக்குழாயில் புற்று என்றார்கள்.

"கண்ணு மஞ்சளாவே இல்லீங்களே டாக்டரம்மா, ஈரல் நல்லாத்தானே இருக்கு?" என்று அந்த அம்மாவிடம் சண்டைக்குப் போவதுபோல் கேட்டேன். அவர் கோபப்படாமல் என்னை உட்காரச் சொன்னார்.

"பீடிப் புகையில புத்துநோய் உண்டாக்குற ரசாயனம் நிறைய இருக்கும்மா. அதுல சிலதைக் கல்லீரல்தான் உடைச்சு வெளிய அனுப்பும். ஆனா சாராயம் உள்ள போயிட்டா, கல்லீரலுக்கு அந்த வேலை தடைப்பட்டுப்போகும். உடையாத விஷம் ரத்தத்துல கலந்து மத்த உறுப்புக்கெல்லாம் போயிடும். சாராயம் பண்ற கெடுதல் வேற தனியா இருக்கு. கல்லீரல் நல்லா இருந்தாலும் இது வரும்."

எனக்கு மீமிசல் ஏலம்தான் நினைவுக்கு வந்தது. பெரிய படகு வந்து நின்றால் அத்தனை பேரும் அதையே மொய்ப்பார்கள். மற்ற கூடைகள் எந்தப் பக்கம் போகின்றன என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் இத்தனை வருஷம் ஈரலையே மொய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வெளியே பெஞ்சில் அவர் காத்திருந்தார். "ஈரல்ல ஒண்ணுமில்லன்னுதானே சொன்னாங்க?" என்றார்.

"ஆமாங்க, ஈரல்ல ஒண்ணுமில்ல" என்றேன். மற்றதை ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் சொன்னேன்.

வைத்தியம் பார்த்தோம். குடியையும் பீடியையும் அன்றோடு விட்டார். அதற்குள் காலம் கடந்திருந்தது. மழை தொடங்கி, கொல்லையில் கீழாநெல்லி தானாக முளைத்த சமயத்தில், "அத அரைச்சுக் குடு புள்ள, வாய்க்கு நல்லாருக்கும்" என்று கேட்டார். ஒரு கரண்டி ஊற்றினேன். அதுவும் இறங்காமல் கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

ஐப்பசியில் ஒரு காலையில் போய்ச் சேர்ந்தார். கண்கள் திறந்தபடியே இருந்தன. மூடிவிடச் சொன்னார் மாமியார். மூடப் போன கை, பழக்கத்தில் கீழ் இமையை இழுத்தது. துளி மஞ்சள் இல்லை.