பெடலிலிருந்து காலை எடுக்காதே

என் மகளிடம் "என்ன ஆனாலும் சரி" என்று தொடங்கும் எதையும் நான் சொல்வதில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "பார்த்துச் செய் கண்ணு" என்று முடித்துவிடுவேன். இப்படிச் சொன்னால் பிள்ளை எதைத்தான் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் என்ற கவலை பிறகு தனியாக வரும். ஆனால், என்ன ஆனாலும் என்று சொல்லப்பட்டதை அப்படியே செய்த ஒரு சிறுமியை எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஓசூரில் எங்கள் ஆலயத்தில் கன்னட ஆராதனை முடிந்ததும் தமிழ் ஆராதனை நடக்கும். இரண்டுக்கும் ஒரே டிஜிட்டல் பியானோ. தமிழுக்கு வாசிப்பவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். இரவு ஷிப்டு முடித்து, கம்பெனிச் சீருடையோடே வந்து உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போவார்.

அம்மாவின் தங்கையான என் சித்தியின் கல்யாணம் நிச்சயமானபோது அவர் வாசிக்க மறுத்துவிட்டார். மாப்பிள்ளை அத்திப்பள்ளிக்காரர், கன்னடம் பேசுகிறவர். சித்தி அவரைக் கம்பெனி பஸ்ஸில் பார்த்து, தானே முடிவு செய்திருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வாசிக்க மட்டும் நான் வேணுமா?" என்றார் மாமா. கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"சிடி போட்டுக்கலாம், விடுங்க" என்றார் அப்பா. சித்தி சரியென்று தலையாட்டினாள். ஆனால் ஆலயத்தில் மணப்பெண் நடந்துவரும்போது மாமா வாசிக்கும் பாட்டைச் சின்ன வயதிலிருந்து கேட்டவள் அவள். தன் முறை வரும்போது ஒரு பெட்டி பாடுவதா? அவள் முகம் போன போக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் வாசிக்கிறேன்" என்றேன்.

"உனக்குக் காலே எட்டாதே" என்றார் அப்பா.

உண்மைதான். மாமாவிடமே வாசிக்கக் கற்றிருந்ததால் விரல்கள் எனக்குச் சிக்கலே இல்லை. சிக்கல் தரையில் கிடந்தது. பியானோ ஒலிக்குள் வயலின்களின் ஒலியும் சேர்ந்து எழும்படி மாமா அமைத்து வைத்திருந்தார். வயலின்களின் அளவு மட்டும் ஒரு கறுப்புப் பெடலில் இருந்தது. மிதிக்க மிதிக்க வயலின்கள் ஏறும், காலை எடுத்தால் பியானோ மட்டும் கேட்கும். முதல் அடி தனிப் பியானோ, மணப்பெண் பாதி தூரம் வந்ததும் வயலின்கள் மெல்ல எழ வேண்டும். அதுதான் அந்தப் பாட்டின் உயிர்.

நாற்காலி நுனியில் தொங்கிக்கொண்டுதான் அந்தப் பெடலைத் தொட முடிந்தது. வழுவழுவென்ற கிரானைட் தரையில் அது வேறு நழுவி நழுவி ஓடியது. ஒருமுறை கால் விலகினால் பிறகு துழாவித் தேட வேண்டும். தினமும் பள்ளி விட்டதும் போய்ப் பயிற்சி செய்தேன். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. விடவில்லை.

கல்யாணத்தன்று காலையில் தலை பின்னிவிட்டபடியே அம்மா சொன்னாள்: "என்ன ஆனாலும் சரி, பெடல்ல இருந்து காலை எடுக்காத. கேட்டியா?"

கேட்டேன்.

சித்தி வாசலில் நின்றாள். மாமா பிடித்திருக்க வேண்டிய கையை அப்பா பிடித்திருந்தார். நான் தொடங்கினேன். அவள் பாதி தூரம் வந்தாள். நான் பெடலை மிதித்தேன், வயலின்கள் எழுந்தன. அந்த நொடியில் கரண்ட் போனது.

மின்விசிறிகள் ஓய்ந்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கன்னடத்தில் கிசுகிசுத்தார்கள். யாரோ ஜெனரேட்டர் போட ஓடினார்கள். சித்தி நடுவழியில் நின்றாள். நான் காலை எடுக்கவில்லை. முழுதாக மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

ஜெனரேட்டர் உறுமியது, பியானோவில் விளக்கு எரிந்தது. நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, தனிப் பியானோவுக்காகப் பாதத்தை மெல்லத் தளர்த்தினேன். வயலின்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தின. பயந்து மிதித்தேன், அடங்கின. மிதித்த காலோடு மின்சாரம் வந்தால், அந்தப் பெடல் மிதித்திருப்பதையே இயல்பு நிலை என்று எடுத்துக்கொள்ளும் என்பதை வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது தெரிந்ததெல்லாம் உலகம் தலைகீழாகிவிட்டது என்பதுதான். சரி, தலைகீழாகவே வாசிப்பேன் என்று பல்லைக் கடித்தேன். ஆனால் பழகிய கால் புத்தி சொன்னதைக் கேட்கவில்லை. அடங்க வேண்டிய இடத்தில் அலறல், எழ வேண்டிய இடத்தில் மௌனம்.

அப்போதுதான் பக்கவாட்டுக் கதவு வழியாக மாமா வந்தார். சீருடை, காலில் கம்பெனி பூட்ஸ். வாசலுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்திருக்கிறார். யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"காலை எடு, பாப்பா."

"அம்மா எடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

"உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். எடு."

எடுத்தேன். பியானோவை அணைத்து மறுபடி போட்டார். "நகரு" என்றார்.

"மாட்டேன். நான்தான் வாசிப்பேன்."

என்னை ஒரு கணம் பார்த்தார். "அடேங்கப்பா. சரி, நீயே வாசி. கால் வேலைய நான் பாத்துக்கறேன்." என் பக்கத்தில் நின்று, பூட்ஸ் காலைப் பெடலில் வைத்தார்.

"மணமகள் மறுபடியும் வாசலில் இருந்து வரட்டும்" என்றார் போதகர். சித்தி திரும்பிப் போனாள். மறுபடி வந்தாள். நான் விரல்களை மட்டும் பார்த்து வாசித்தேன். அவள் பாதி தூரம் வந்ததும் என் பியானோவுக்கு அடியிலிருந்து வயலின்கள் எழுந்தன. எழுந்துகொண்டே இருந்தன. நான் பழகிய அளவையெல்லாம் தாண்டி அவர் மிதித்தார். பாட்டு என் கையை விட்டுப் போவதுபோல் இருந்தது. எனக்குக் கோபமாக வந்தது.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் என்னைத்தான் சூழ்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சித்தி நேராக வந்து மாமாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை வந்து தமிழும் கன்னடமுமாக ஏதோ சொன்னார். மாமா அவர் தோளைத் தட்டி, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். என் வாசிப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முறையிட்டேன். "மாமாகிட்ட நீ கேளும்மா. என் பெடலை அவரு மிதிச்சுட்டாரு."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். என்னை இழுத்து அணைத்துக்கொண்டு இன்னும் அழுதாள்.

அவ்வளவு மோசமாகவா வாசித்திருக்கிறேன் என்று திகைத்துப்போனேன். மறுநாள் பள்ளி விட்டதும் நேராக ஆலயத்துக்குப் போய், இருட்டும்வரை பயிற்சி செய்தேன்.