ஒரு பைப் அதிகம்

அடிபம்பு மெக்கானிக் வேலையில், தண்ணீர் வந்தால் புண்ணியம் மழைக்குப் போகும்; வராவிட்டால் பழி ஸ்பேனர் பிடித்தவன் தலையில் விழும். லைன்மேன்களும் ரேஷன் கடைக்காரர்களும் இதைப் படித்தால் என் கஷ்டம் புரியும். எண்பதுகளின் கடைசியில் மரக்காணம் பக்கம் சரியான மழை இல்லாத இரண்டு வருஷமும் அங்கே சைக்கிளில் சுற்றிய மெக்கானிக் நான்தான்.

புது வாஷர்

கோட்டக்குப்பத்து டீக்கடை பாய் ஆளனுப்பிக் கூப்பிட்டார். போனதும் ஒரு டீ கொடுத்தார். உப்புக் கரித்தது. கடைவாசல் பம்பைப் பிரித்து வாஷர் மாற்றினேன். இரண்டாவது டீயும் கரித்தது. பம்பில் கோளாறு இல்லை, தண்ணீர்தான் மாறிவிட்டது என்று பக்குவமாகச் சொன்னேன். பாய் கோபப்படவில்லை.

"மொதல்ல பால்காரரை மாத்தினேன். அப்புறம் டீ மாஸ்டரை மாத்தினேன். இன்னும் நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

வறுத்த வஞ்சிரம்

அனுமந்தை மீனவர் தெருவில் குடிக்கிற தண்ணீருக்கு ஒரே பம்பு. அதை விட்டால் ஒரு மைல் நடக்க வேண்டும். காலையில் சில குடம் நிறைந்ததுமே அது வெறும் காற்றை இறைக்க ஆரம்பித்தது. தண்ணீர் கீழே போனால் பைப்பையும் கீழே இறக்குவது எங்கள் வழக்கம். பத்தடி பைப் ஒன்று சேர்த்து இறக்கினேன். தண்ணீர் கொட்டியது. எதிர்வீட்டுச் செல்வி வறுத்த வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

நாலாம் நாள் அதுவும் உப்பாகிவிட்டது. செல்வி கைக்குழந்தையோடு பம்படியில் நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"கொழந்தை வாயில வச்சா துப்புதுங்க. மீனைத் திருப்பிக் கேக்க முடியாது, பழைய தண்ணியையாவது திருப்பிக் குடுங்க."

மேல் தண்ணீர்

மறுநாள் மரக்காணம் உப்பளத்துப் பம்பில் வேலை. அங்கே பாத்தி வாரும் முனியம்மாவிடம் என் புலம்பலைக் கொட்டினேன். அவர் வாருகோலை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"மழை பெஞ்சா பாத்தியில நல்ல தண்ணி மேலதான் நிக்கும், உப்புத் தண்ணி அடியில கெடக்கும். மேல நிக்கிறத மட்டும் நாங்க வெட்டி விட்டுடுவோம். நீ எதுக்கு மெக்கானிக்கு அடிக்குப் போன?"

அன்று சாயங்காலமே அனுமந்தைக்குப் போய் அந்தப் பைப்பைக் கழற்றினேன். கரிப்பு போக ஒரு வாரம் ஆயிற்று. பழைய மட்டத்தில் காலையில் வீட்டுக்கு ஒரு குடம் வரும். பிறகு மறுபடி ஊறும் வரை பம்பைத் தொடக்கூடாது. செல்வி ஒரு டம்ளர் பிடித்துக் குழந்தைக்குக் கொடுத்தார். அது துப்பவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கலங்கவில்லை.

"இனிமே தண்ணி வரலைன்னாலும் உங்களக் கூப்பிட மாட்டோங்க."

என் சர்வீஸில் உருப்படியாகச் செய்த ஒரே ரிப்பேர், நானே மாட்டியதை நானே கழற்றியதுதான்.