சோப்பு மாஸ்டரின் மூக்கு

மூன்றாவது தடவையாக மாஸ்டர் ஷேவிங் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, காரின் டிக்கிக்குள் தலையை விட்டு, கேஸ் சிலிண்டரின் வால்வைச் சுற்றி நுரை பூசுகிறார். பிறகு மூச்சுக்கூட விடாமல் அதையே பார்க்கிறார். குமிழி எழும்பினால் கசிவு. எழும்பவில்லை. அப்படியும் மனசு கேட்காமல் நாலாவது தடவை பூசுகிறார். வண்டிக்காரர் கொட்டாவி விட்டபடி, "ஷேவிங் பண்றது சரி மாஸ்டர், மீசையை மட்டும் விட்டுடுங்க" என்கிறார்.

"இருக்கட்டும் சார். பெட்ரோல் ஒழுகினா கண்ணுக்குத் தெரியும். இது தெரியாதே."

பெட்ரோல் வண்டிகளைக் கேஸில் ஓடும்படி மாற்றித் தருவது அவருக்கு இருபத்திரண்டு வருஷத் தொழில். என்ஜின் உறுமுவதைக் கேட்டே கேஸ் கூடுதலா, காற்று கூடுதலா என்று சொல்லிவிடுவார். நுரை பூசும் பழக்கம் மட்டும் ஒரு வருஷமாகத்தான் இப்படி முற்றிப்போயிருக்கிறது. சோப்பு மாஸ்டர் என்று பெயரே விழுந்துவிட்டது. அவர் கைபட்ட வண்டிக்குப் பயமில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. ஊருக்கு என்ன தெரியும்!

போன வருஷம் வந்த காய்ச்சல், போகிறபோது அவர் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் பால் கருகித் தெருவே நாறியபோது, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"காய்ச்சல்லேர்ந்து."

"வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா எவன் வண்டியை விடுவான்? எனக்கு வேற என்ன வேலை தெரியும்?"

கசிந்தால் மனுஷன் மூக்கில் ஏறட்டும் என்றுதான் கேஸில் அந்தக் கெட்ட வாடையைக் கலக்கிறார்கள். அது தெரியாமல் அந்த வேலையைப் பார்ப்பதென்றால் தினம் தினம் செத்துப் பிழைப்பதுதான். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் பட்டறைப் பள்ளத்தில் இறங்குமுன் அரைமணி நேரம் அட்டையால் விசிறுகிறார். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், தண்ணீர் மாதிரிப் பள்ளத்தில் தேங்கும். எங்காவது தீயணைப்பு வண்டி மணி கேட்டால் கையில் இருக்கும் ஸ்பேனர் நின்றுவிடும். இன்றைக்கு அந்தப் பக்கம் போன வண்டி எது என்று மனசு தேட ஆரம்பித்துவிடும்.

அப்படியிருக்க ஒருநாள் காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் வந்து நின்றது. ஓட்டுகிற பெண் மூன்று வருஷ வாடிக்கை.

"நேத்துலேர்ந்து கடைசி சீட்டுல ஏதோ வாடைன்னு பிள்ளைங்க சொல்லுதுண்ணே. ஒண்ணு வாந்தி எடுத்துடுச்சு. முன்னாடி எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க, அது போதும்."

வால்வு, ரெகுலேட்டர், என்ஜின் பக்கத்து மூட்டுகள் எல்லாவற்றிலும் நுரை பூசினார். ஒரு குமிழி இல்லை. கடைசி சீட்டுக்குள் தலையை விட்டு நெஞ்சு நிறைய இழுத்தார். வெறும் காற்று.

"எப்படிண்ணே?"

"ஒண்ணும் இல்லம்மா." ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, தானாகவே சொல்லிவிட்டது.

"அப்பாடா. பதினாலு பிள்ளைங்க ரோட்டுல நிக்கும்" என்று அவள் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டாள்.

பூசின இடத்தைப் பற்றித்தான் நுரை பேசும். பூசாத இடத்துக்கு யார் ஜவாப்தாரி? ஓடிப்போய் ஜன்னல் வழியாக அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"திருப்பாதேம்மா. இறங்கு."

"என்னண்ணே?"

"எனக்கு மூக்கு செத்து ஒரு வருஷம் ஆச்சு. நான் சொன்னது பொய்."

தயாரான தன் காரை எடுத்துப்போக வந்திருந்த பெரியவர் ஒருவர், பெஞ்சிலிருந்து மெல்ல எழுந்து நின்றார்.

அவள் இறங்கினாள். "தரையோட குனிஞ்சு பாரும்மா, கீழேதான் கிடக்கும்" என்றார் மாஸ்டர். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இங்கதாண்ணே."

வண்டிக்கு அடியில் ஓடும் கேஸ் நிரப்புகிற குழாயின் மூட்டு. நுரை பட்டதும் குமிழி குமிழியாகப் பொங்கியது. சிலிண்டர் வால்வை இறுக மூடினார்.

அவள் சற்றுத் தள்ளிப்போய், பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட ஆரம்பித்தாள். பெரியவர் திட்டவில்லை. கையில் இருந்த சாவியைப் பார்த்தார், தன் காரைப் பார்த்தார். அதற்குள் மாஸ்டர் போய் அந்தக் காரின் டிக்கியைத் திறந்துவிட்டார். பெரியவர் குனிந்து மூச்சை இழுக்க, மாஸ்டர் டிக்கிக் கதவை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றார்.