சாமியாரம்மா என்ற பேர் வந்த விதம்

கொரோனாவுக்கு அப்புறம் குற்றாலத்தில் மறுபடி குளிக்க விட்டு, முதல் சாரல் சீசன் நடந்த வருஷம். ஆனி மாதம். மடத்தில் இருக்கிற என் தங்கை படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாம் என்று கிளம்பினேன். (எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதுகிறது.)

அச்சன்புதூரில் காலை ஏழு மணிக்குத் தென்காசி பஸ். தென்காசியிலிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டருக்குள்தான். டவுன் பஸ் அடிக்கடி உண்டு, சீசனில் உட்கார இடம் கிடைக்காது. இறங்கி ஓர் ஆட்டோக்காரரிடம் தங்கை பேரைச் சொன்னேன். தெரியவில்லை. காவி கட்டிய வயசாளி என்றதும், "நம்ம சாமியாரம்மாவா? மொதல்லயே சொல்லப்படாதா அண்ணாச்சி" என்று ஏறச் சொன்னார்.

அந்தப் பேரை யார் வைத்தது என்று கேட்டேன். ஊரில் நாங்கள் அவளைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தோம்.

முன்பெல்லாம் அருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் அவள் உட்கார்ந்திருப்பாளாம். கூட்டத்தில் தாயைத் தவறவிட்ட பிள்ளைகளைப் போலீஸ்காரர்கள் "சாமியார்கிட்ட விடு" என்று கொண்டுவந்து விடுவார்களாம். பிள்ளைகள் அம்மா, அம்மா என்று அழுதபடி அவள் சேலையைப் பிடித்துக்கொள்ளும். ரெண்டும் சேர்ந்து ஒரே பேராகிவிட்டது. "நானும் அந்த மடியில கெடந்து அழுதவந்தான்" என்றார் ஆட்டோக்காரர்.

மடத்தில் பாயில் படுத்திருந்தாள். வீட்டில் அறை ஒழித்து வைத்திருக்கிறது, கிளம்பு என்றேன்.

"அங்கன வந்து செத்தா எரிச்சிருவீய. இங்கன உக்கார வச்சுப் பொதைப்பாவ. நான் வரல ஐயா."

அண்ணன் என்று சொல்லவில்லை. காவி கட்டினால் உறவு சொல்லக் கூடாது, அதுதான் முறை. எனக்குக் கோபம். "விழுந்து கெடக்க, இங்கன ஒனக்கு யாரு இருக்கா?"

அவள் பதில் சொல்லுமுன், வெளியே குடத்தை நிரப்பிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "தண்ணி போதுமா சாமியாரம்மா? சாயந்திரம் வைத்தியரக் கூட்டிட்டு வாரேன்."

அதற்கு மேல் நான் கூப்பிடவில்லை. இளையவளிடம் தலையைக் குனிந்து திருநீறு வாங்கிக்கொண்டேன்.

சீசனில் போகிறவர்கள் விடியுமுன் குளித்துவிடுங்கள். எண்ணெய், சோப்புக்கு அனுமதி இல்லை. பிள்ளையின் கையை விடாதீர்கள். பெண்கள் மடமென்றால் ஆண்கள் முற்றத்தில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

எங்கள் தாய் பெற்றது ஆறு பேர். என்னை விட்டால் இன்றைக்கு உயிரோடு இருப்பது பேச்சியம்மாள் ஒருத்திதான்.