செல்லையன் சொல்லாமல் விட்ட வரி

வடசேரி சந்தையில் வைத்து நம்முடன் படித்த ஒருவன்தான் சொன்னான்: “செல்லையன் போயிட்டான்லே. பனையிலேருந்து விழுந்துட்டான்.” வாங்கிய காய்கறியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். இருபது வயதுதான் அவனுக்கு.

நம் வகுப்பில் இருந்த உங்களுக்கு அவனையும் தெரியும், என்னையும் தெரியும். சுதந்திரம் வந்த அடுத்த வருஷம். கோட்டாறிலிருந்து வில்வண்டியில் வந்து, வண்டிக்காரர் குடை பிடிக்க இறங்கும் பிள்ளை நான். தெருப் பிள்ளைகளோடு சேரக் கூடாது என்பது வீட்டுக் கட்டளை. செல்லையன் தினமும் நான் நடப்பதுபோல் நடந்து காட்டுவான், நீங்கள் சிரிப்பீர்கள். ஒருநாள் என் தூக்குவாளியைக் கேட்டான். கொடுக்கவில்லை. கன்னத்தில் அறைந்தான்.

எனக்குத் திருப்பி அடிக்கத் தெரியாது, பாட்டுக் கட்டத் தெரியும். மாணவர் மன்றத்தில் எழுந்து படித்தேன். நாலே வரி: அவனுடைய கை, அறை, அவன் போட்டிருந்த ஒட்டுச் சட்டை, என் ஓட்டம். ஒட்டுப்போட்ட சட்டை போக்கிரிகளின் உடுப்பு என்றே நம்பியிருந்தேன். எங்கள் வீட்டில் சட்டை கிழிந்தால் வேறு சட்டை வரும். பெயர் சொல்லாமலே அத்தனை தலைகளும் அவன் பக்கம் திரும்பின. எனக்குப் பரிசும் கிடைத்தது.

மணி அடித்ததும் வாசலில் மறித்தான். அடிக்கப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“நான் அடிச்சது நெசம். அத எழுதிக்கோ. சட்டைய எதுக்குலே எழுதுன? அது எங்கம்மை தச்சதாக்கும்.”

பிறகு என்னை அவன் தொட்டதே இல்லை. மறு வருஷம் படிப்பை விட்டுவிட்டு அப்பனோடு பனையேறப் போனான். வீட்டுக் கஷ்டம் என்றார்கள். அப்படியே நம்பிக்கொண்டேன், எனக்கு அது வசதியாக இருந்தது. மன்னிப்புக் கேட்க எத்தனையோ வருஷம் இருந்தும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

துக்க வீட்டில் என் பெயரைக் கேட்டதும் அவன் அம்மை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம்மவனப் பத்திப் பாட்டு எழுதின பிள்ளையா? எனக்கு எத்தன தடவ சொல்லிக் காட்டியிருக்கான் தெரியுமா மக்கா!”

அழுதுகொண்டே சொல்லியும் காட்டினார்:

“கல்லைப் போன்ற கையாலே
கன்னத்தில் ஒன்று வைத்தானே
கண்டால் இனிமேல் ஓடுவேனே.”

மூன்று வரிதான். சட்டை வரியை அவன் வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை.

அவன் நினைவாக என்னிடம் இருப்பது அவன் திருத்திய அந்தப் பாட்டு. இனி அதுதான் பாட்டு. அவன் அம்மைக்கு எழுத்துத் தெரியாது. இதைப் படிக்கிற நீங்கள் யாரும், அந்த இன்னொரு வரியை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.