சாராயம் தொடாத ஈரல்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ஈரல் இருந்ததாம். அது நான் வேலை பார்த்த கிளினிக்குக்கு ரிக்‌ஷாவில் வந்ததாம். எண்பதுகளின் கடைசி, புதுச்சேரி. எடை பார்ப்பதும் ஸ்கேன் அறையில் வயிற்றில் ஜெல் தடவுவதும் என் வேலை. எடை மெஷினில் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என் இனத்தவரே, பிடித்தாலும் முள் இறங்காது.

செருப்பிலிருந்து தொடங்கியவர்

ஈரலின் சொந்தக்காரர் ராமலிங்கம், மில்லில் ஸ்டோர் கீப்பர். செருப்பைக் கழற்றினார். கைக்கடிகாரம், சாவிக்கொத்து, பெல்ட். அடுத்துச் சட்டைப் பொத்தானுக்குக் கை போனபோது நான் தடுத்தேன். முள் தொண்ணூற்றாறில் நின்றது. கூட வந்த மனைவி சரோஜா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பொத்தான அவுத்தா மட்டும் பத்து கிலோ கொறையுமா?"

எந்தக் கோயில்

ஸ்கேன் முடிந்ததும் டாக்டர், "ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு" என்றார். சரோஜாவின் முகம் மாறிவிட்டது. எங்கள் ஊரில் ஈரல் கெட்டால் காரணம் ஒன்றுதான்; அதற்குத் தெருவுக்கு ஒரு கடையும் உண்டு. ராமலிங்கமோ சாராயத்தைத் தொட்டதே இல்லை. சத்தியம் செய்தார். ஜெல்லைத் துடைத்தபடி செய்த சத்தியம் எடுபடவில்லை.

"இருவது வருஷமா சாயங்காலமானா கோயிலுக்குப் போறேன்னு போனியே, எந்தக் கோயில்யா அது? நான் கருவடிக்குப்பத்துல தம்பி வூட்டுக்குப் போறேன்."

ஸ்டோர் நிரம்பினால்

நல்லவேளை, டாக்டர் இருவரையும் உட்கார வைத்தார். "குடிக்காதவங்களுக்கும் வரும்மா. தின்னது செலவாகாம மிஞ்சினா தோலுக்கு அடியில சேரும். அங்க கொள்ளலன்னா ஈரல்லயும் தசையிலயும் போய் உக்காரும். அப்புறம் தசை சர்க்கரைய சரியா எடுத்துக்காது."

சரோஜா நம்பாமல் பார்த்தார். ராமலிங்கத்துக்கு அப்போதுதான் குரல் வந்தது. "ஸ்டோர் ரொம்பிடுச்சுன்னு நூல் மூட்டையத் தறிக்கு நடுவுல அடுக்கினா தறி எப்படி ஓடும் சரோஜா? அந்த மாதிரிதான்."

டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். காலையில் எட்டு இட்லி, மதியம் குழம்போடு மீன் வறுவல், இரவில் நெய் தோசை. போதும் என்றால் கேட்பதில்லை என்று ராமலிங்கம் மெல்ல முடித்தார். யார் கேட்பதில்லை என்று சொல்லவில்லை. டாக்டர் பேனா மூடியைத் தேட ஆரம்பித்தார்.

சரோஜா எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார். "நான் போட்ட மூட்டைதான். எந்திரிய்யா, ரிக்‌ஷா வேணாம், வூட்டுக்கு நடந்தே போலாம்."

அவர் முன்னால் நடக்க, ராமலிங்கம் பின்னால் போனார். கெட்ட சகவாசமே இல்லாத ஈரலையும் கெடுத்துவிட, இன்னும் ரெண்டே ரெண்டு என்று தட்டில் தள்ளும் ஒரு நல்ல கை போதும்.