இருமல் நின்ற பிறகு

இருமல் நின்றதும், காசநோயே தன்னை விட்டு ஓடிவிட்டதாகத் தையல்காரருக்கு நினைப்பு. மாத்திரை குமட்டுகிறது என்று தினமும் புலம்பியவர், சில நாட்களாக அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டுக் கழிவறையைக் கழுவும் மனைவிக்குச் சந்தேகம் தட்டியது. அந்த மாத்திரை உள்ளே போனால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். இப்போது அந்த நிறமே இல்லை. எதிர்த்துப் பேசிப் பழகாதவள் அவள். ஆனாலும் மாத்திரை கொடுக்கும் நர்ஸ் தையல் கடைக்கு வந்தபோது கூச்சத்தை விட்டுச் சொல்லிவிட்டாள்.

"இதையெல்லாமா வெளியில சொல்லுவ?" என்று தையல்காரர் சீறினார்.

"அக்கா சொன்னது நல்லதாப் போச்சுண்ணே," என்றார் நர்ஸ். "மருந்து பட்டதும் எல்லாக் கிருமியும் செத்துடாது. சிலது வளர்றதுக்கான மரபணுவை அடக்கி வச்சுட்டு, தாக்குப்பிடிக்கிறதுக்கான மரபணுவை முடுக்கிவிட்டுட்டு அசையாம கிடக்கும். நீங்க மாத்திரையை நிறுத்தினா மறுபடி பெருகும்."

"உங்க தம்பி மாதிரிதான்," என்றாள் மனைவி மெதுவாக. "வேலைன்னா சுருண்டு படுத்துக்குவாரு. தட்டு சத்தம் கேட்டா எழுந்துக்குவாரு."

நர்ஸ் சிரித்துவிட்டார். தையல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தம்பியை வீட்டிலிருந்து கிளப்பப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். மெஷின் இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளித்திருந்த மாத்திரைகளை வாரி மேசைமேல் போட்டார்.

"நாளைக்கே வந்து டாக்டரைப் பாருங்க. சளியை மறுபடி சோதிக்கணும்," என்றார் நர்ஸ்.

தையல்காரர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல், "நீயும் கூட வா," என்றார்.